ஒரு வாய்ப் பால்

எங்கள் தோட்டத்தில் பால் என்றால் கித்தா என்கிற ரப்பர் மரத்துப் பால்தான். அப்பா காலையில் பட்டையைக் கீறி மரம் வெட்டி, வடிந்ததை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போவது. குடிக்கிற பால் என்று ஒன்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகளுக்குக் கிடைக்கத் தொடங்கியபோது எனக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது.

தோட்டத்துப் பிள்ளைகள் எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள் என்று ஈப்போவில் கடை வைத்திருந்தவர்களும் சுற்று வட்டாரத் துரைமார்களும் சேர்ந்து கமிட்டி வைத்துப் பணம் போட்டார்களாம். சுங்கை சிப்புட் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்கு அந்தப் பணம் டின் பாலாகவும் மீன் எண்ணெயாகவும் டிரில்லாகவும் வந்து சேர்ந்தது. பெற்றவர்கள் வேலைக்குப் போனபின் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை முன்னால் காலையில் எங்களை வரிசையாக நிறுத்துவார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் வந்து கையைத் தூக்கச் சொல்வார், குனியச் சொல்வார், குதிக்கச் சொல்வார். முடிந்ததும் ஒரு கரண்டி மீன் எண்ணெய். அதை வாந்தி எடுக்காமல் விழுங்கியவர்களுக்கு, வெந்நீரில் கரைத்த டின் பால் ஒரு தகரக் குவளை நிறைய. ஆயாதான் ஊற்றிக் கொடுப்பாள். பால் இனிக்கும். எண்ணெயை விழுங்கியது அந்த இனிப்புக்காகத்தான். உடம்பு தேற வேண்டும் என்ற கவலை எங்களில் யாருக்கும் இருந்ததாக நினைவில்லை.

அந்தச் சமயத்தில் எனக்குத் தம்பி பிறந்தான். பிள்ளை பெற்ற உடம்போடு அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. தாய்ப்பால் வற்றிவிட்டது. கஞ்சித் தண்ணீரில் துணியை நனைத்துத் தம்பியின் வாயில் வைத்தார்கள். முதலில் லயமே கேட்கும்படி அழுதான். பிறகு அழுகை பூனைக்குட்டியின் சத்தமாகச் சுருங்கியது. அம்மா அவன் நெஞ்சின் மேல் கையை வைத்தபடியே படுத்திருப்பாள்.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு டிரசரிடம் போனார்.

"டிரில் பண்ற புள்ளைங்களுக்குத்தான் பாலுன்னு கமிட்டியில சொல்லிட்டாங்க. நான் என்ன செய்யிறது?" என்றார் டிரசர்.

"பொறந்த புள்ள எப்படிங்கய்யா டிரில் பண்ணும்?"

அப்பா கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். டிரசர் மருந்துப் புட்டிகளை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

குவளையை வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பிள்ளைகள் பெயரைச் சொல்லிப் பெரியவர்கள் தேத்தண்ணியில் ஊற்றிக்கொள்வார்கள் என்று கமிட்டிக்குச் சந்தேகம். குடிப்பதை அங்கேயே குடித்தாக வேண்டும்.

மறுநாள் முக்கால் குவளையைக் குடித்தேன். கடைசி வாயை விழுங்காமல் அடக்கிக்கொண்டு லயத்துக்கு இறங்கும் சரிவில் ஓடினேன். வீட்டுக்குள் போனதும் அம்மாவிடம் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குச் சற்று நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து உட்கார்ந்து ஒரு சிரட்டையை நீட்டினாள். துப்பினேன். துணியை அதில் நனைத்துத் தம்பியின் வாயில் வைத்தாள். அவன் சப்பினான்.

"மீன் வாடை அடிக்குதுடி" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அது என் வேலையாயிற்று. வழியில் யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடுவேன். வாயாடியாக இருந்த பெண் டிரில்லுக்குப் போய் அடக்கமாகிவிட்டாள் என்று கங்காணி வீட்டு அக்கா அம்மாவிடம் வந்து பாராட்டிவிட்டுப் போனாள்.

பணம் கொடுத்தவர்கள் சார்பில் ஒருநாள் ஒரு துரைசானி மோட்டாரில் வந்து இறங்கினாள். எங்கள் டிரில்லைப் பார்த்தாள். பால் குடிப்பதைப் பார்த்தாள். நான் ஓடுவதற்குத் திரும்பிய நேரம் என் தோளைத் தொட்டு ஏதோ கேட்டாள்.

"பாலு எப்படி இருக்குன்னு கேக்குறாங்க. சொல்லு புள்ள" என்றார் டிரசர்.

நான் தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு."

விழுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். தம்பிக்கு அன்றைக்கு இல்லாமல் போகும். விழுங்காமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கூடவே கடைவாயிலிருந்து பாலும் வழிந்தது. துரைசானி எனக்கு ஏதோ வியாதி என்று பயந்து கைக்குட்டையை எடுத்தாள். வரிசையில் இருந்த ஒருத்தி, "அவ தம்பிக்குக் கொண்டு போறாங்கய்யா, தெனமும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டாள்.

டிரசர் அதை இங்கிலீஷில் சொன்னார். துரைசானி அந்தக் கைக்குட்டையால் என் வாயைத் துடைத்துவிட்டாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வாரமே புதுச் சட்டம் வந்தது. பால் குடித்த ஒவ்வொரு பிள்ளையும் ஆயாவிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். யாராவது ஏமாற்றிப் போனால் ஆயாவின் வேலை போய்விடும் என்று டிரசர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

முதல் நாள் என் முறை வந்தபோது கன்னம் உப்ப ஆயாவின் முன்னால் நின்றேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எனக்கு முன்னால் நின்றவனின் நாக்கைக்கூடத் தூக்கிப் பார்த்திருந்தாள். என் முகத்தருகே குனிந்து நன்றாகப் பார்த்தாள். அந்தப் பக்கம் நின்ற டிரசருக்குக் கேட்கும்படி, "ம், சுத்தமா இருக்கு. போ" என்றாள்.

ஓடினேன். மறுநாளும் அப்படித்தான். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு மறுபடி பால் சுரக்கும் வரையில் ஒருநாளும் நான் வாயைத் திறந்து காட்டியதில்லை. தம்பி பிழைத்துக்கொண்டான்.

ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது என்று நான் நம்பியிருந்தேன். பாவம், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். ஒரு மத்தியானம் என் உள்ளங்காலில் தைத்து ஒடிந்துபோன முள்ளை, என் கண்ணுக்கே படாத முள்ளை, கொட்டகையின் அரை இருட்டில் ஊசி நுனியால் ஒரே நெம்பில் எடுத்துப் போட்டாள். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வலி போனதே என்று எழுந்து ஓடிவிட்டேன்.