ஜன்னலுக்கு வெளியே முப்பது பேர்

வாய் நீளம் என்று என்னைத் திட்டாதவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாரும் இல்லை. அந்த வாய் ஒரே ஒரு தடவை, பேச வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொண்டது. அதனால் வந்த வினைதான் இது.

தலவாக்கலையிலிருந்து அட்டன் போகிற வழியில் ஒரு சின்ன டவுன். பெயர் வேண்டாம், இன்னும் சண்டைக்கு வருவார்கள். எங்கள் கீழ் லயம் அந்த டவுன் எல்லையை ஒட்டி இருந்தது. தை, மாசி வந்தால் மலை ஊற்று வந்து விழுகிற தோட்டத்துப் பீலி சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்துவிடும். ரோட்டோரத்துப் பட்டினசபைக் குழாய்தான் கதி. அதை விட்டால் ஆற்றுக்கு இறங்கி, நிறைகுடத்தோடு செங்குத்துப் படி ஏறி வர வேண்டும். என் முதல் கரு அந்தப் படியில்தான் கலைந்தது. இப்போது மறுபடி வயிற்றில் ஏழு மாதம். பாரம் தூக்கினால் இதுவும் தங்காது என்று டிக்கோயா ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் குழாயடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா படித்துக் காட்டினார். வரி கட்டாத தோட்டத்து ஜனம் தண்ணீரைக் காலி செய்கிறதாம். அதனால் குழாயை மூடப் போகிறார்களாம். மறுப்பு உள்ளவர்கள் சபைக் கூட்டத்துக்கு வந்து சொல்லலாமாம்.

"வரச் சொல்லித்தானே போட்டிருக்கு. போய்ச் சொல்லிருங்க புள்ள," என்றார் நானா.

போனோம். அரை நாள் வேலையை விட்டு, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கை அவிழ்த்துப் போட்டு, பூ வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி முப்பது பொம்பளைகள் போனோம். போய் என்ன செய்தோம்? ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நின்றோம்! தோட்டத்து ஆபீசில் அதுதான் முறை. துரையிடம் குறை சொல்ல வேண்டுமென்றால் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். கிளாக்கர் கூப்பிட்டால் பேசலாம், கூப்பிடாவிட்டால் இன்னொரு நாள் வரலாம். கதவு வழியாக உள்ளே போவது எங்கள் பாட்டன் காலத்திலிருந்து யாரும் செய்யாத காரியம். இங்கேயும் உள்ளே பெஞ்சுகள் காலியாகத்தான் கிடந்தன. அங்கத்தவர்கள் பேசினார்கள், டீ குடித்தார்கள், எழுந்து போனார்கள். ஒருத்தரும் எங்களைக் கூப்பிடவில்லை.

மறுநாள் நானா தலையில் அடித்துக்கொண்டார். "மறுப்புச் சொல்ல ஒருத்தரும் வரல்லன்னு எழுதிட்டாங்க. அடுத்த கூட்டம் முடிஞ்ச கையோட குழாய மூடுவாங்க."

"வரலையா? முப்பது பேரு நின்னோமே! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"வெளிய நின்னா வந்த மாதிரியா புள்ள? கதவு தொறந்துதானே கிடந்திச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். "அடுத்த கூட்டத்துல இந்தக் கூட்டக் குறிப்ப வாசிச்சு, சரிதானான்னு கேப்பாங்க. அப்ப எந்திரிச்சு, பிழைன்னு சொல்லணும்."

தோட்டத்து ஜனத்தின் பிரஜாவுரிமையை அரசாங்கம் பறித்திருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஓட்டே இல்லாத நமக்கு அங்க என்னடி பேச்சு?"

"ஓட்டு இல்லாட்டி தாகமும் எடுக்காதா?" என்றேன். அடுத்த கூட்டத்தன்று மறுபடி சபைக்குப் போனோம். கூட வந்தவர்கள் கதவோடு நின்றுவிட்டார்கள். நான் மட்டும் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். சபைக் கிளாக்கர் வாசித்துக்கொண்டே போய், "ஒருவரும் வரவில்லை" என்ற இடத்துக்கு வந்தார். எழுந்தேன்.

"பொய்யிங்க."

தலைவர் மரக்கடை முதலாளி. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "யாரு இது?"

"அன்னைக்கு அந்த ஜன்னலுக்கு வெளிய நின்னவ. முப்பது பேரு நின்னோங்க. டீயில சீனி பத்தலைன்னு நீங்க சத்தம் போட்டீங்க. நாங்க வராமயா அது எங்க காதுல விழுந்துச்சு?"

ஒரு அங்கத்தவர் குபீரென்று சிரித்துவிட்டார். அந்த டீ விவகாரம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது போலிருக்கிறது. தலைவர் முகம் சிவந்தது. "சரி, மறுப்பு இருக்குன்னு திருத்தி எழுதும்," என்றார்.

கிளாக்கர் பேனாவை எடுத்தார். "வாக்காளரா?"

"இல்லீங்க."

"வரி கட்டுறவரா?"

"இல்லீங்க."

"அப்ப உங்கள யாருன்னு எழுதுறது?"

எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவளை யாரென்று எழுதுவதாம்!

"தண்ணி எடுக்கிறவன்னு எழுதுங்க," என்றேன். "எழுதி, வாசிச்சும் காட்டுங்க."

எழுதினார். வாசித்தும் காட்டினார். மறுப்பு ஏட்டில் ஏறிவிட்டதால், குழாயை மூடுகிற பேச்சை அன்றைக்கே கைவிட்டார்கள்.

சித்திரையில் மகள் பிறந்தாள், முழு மாதப் பிள்ளையாக. முதல் தண்ணீர் ஊற்றியது அந்தக் குழாய்த் தண்ணீரில்தான். அவளுக்கும் எந்த லிஸ்ட்டிலும் பெயர் இருக்கப் போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.