காக்கைக்கு வைத்த முட்டை

பசி என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசை எங்கள் சித்தப்பாவுக்குத் திடீரென்று வந்தது. பர்மாவில் புயலடித்து மூன்று வாரம் ஆகியிருக்கும். கோயில்காரர்களோடு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஐராவதி முகத்துவாரப் பக்கம் போயிருந்தவர், தாகேதாவில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது முகமே மாறியிருந்தது. செருப்பைக் கழற்றும் முன்பே அறிவித்துவிட்டார். அங்கே முகாமில் ஆளுக்கு என்ன கிடைக்கிறதோ, ஒரு வாரத்துக்கு நாமும் அதையேதான் சாப்பிட வேண்டும். எங்கள் ஊரில் அரிசிக்குப் பால்டின்தான் அளவு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு டின், ஒன்பது வயதான எனக்கு அரை டின். தொட்டுக்கொள்ள, உப்புப் போட்ட பருப்புத் தண்ணீர்.

“உலகத்துல எத்தனையோ பேரு இப்படித்தான் உசிரக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கான் அண்ணி. நாமளும் பட்டுப் பாத்தாத்தானே வெளங்கும்?”

அப்பாவுக்கு வெளியூரில், மாவ்பியில் ஒரு கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மற்ற நாட்களில் சித்தப்பா சொல்வதுதான் வீட்டில் சட்டம். அம்மா டின்னை எடுத்து அரிசியை அளந்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் தனியாக வரவில்லை. கூடவே தீடாவையும் அழைத்து வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், பர்மியப் பெண். சித்தப்பாவின் அலுவலக ஓட்டுநருக்கு அக்கா மகள். புயலில் அந்த அக்காவைக் காணவில்லை. தேடிக்கொண்டு போன ஓட்டுநர், தன் வீட்டிலும் கூரை இல்லாததால் இவளை எங்களிடம் விட்டிருந்தார்.

இவளுக்கும் அரை டின்தானே என்று நான் கேட்டேன். “அவ பட்டுட்டு வந்த புள்ள. அவளுக்கு எதுக்குடி பாடம்?” என்றார் சித்தப்பா. ஆக, அவளுக்குத் தட்டு நிறையச் சோறு. அதன்மேல் தினமும் அவித்த வாத்து முட்டை ஒன்று. அதை அம்மாவே ஓடு உரித்து, உப்புத் தொட்டு வைப்பாள். எனக்கு ஒரு நாளாவது அம்மா முட்டை உரித்துத் தந்ததாக நினைவில்லை.

என் பூப்போட்ட கவுன் அவளுக்குப் போனது. அம்மாவின் பக்கத்தில் நான் படுக்கும் இடமும் போனது. எனக்கு வயிறு எரிந்தது. பாதிப் பசி, மீதி பொறாமை. எங்கள் வீட்டில் நான் பட்டினி கிடக்கிறேன், எங்கிருந்தோ வந்தவள் முட்டை தின்கிறாள் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. புயல் என்னைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் என்னவாம் என்றுகூட நினைத்தேன்.

சித்தப்பாவின் பசி ஆராய்ச்சி நகர நடுவில், கியாக்டடாவில் அவர் அலுவலகம் இருந்த தெருவரைக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் அவர் சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா, பையை முகர்ந்து பார்த்தாள். “டீக்கடைப் புரோட்டா எண்ணெய். உலகத்துப் பசியெல்லாம் பையில ஒட்டிக்கிட்டு வந்துருக்கு” என்று சொல்லிச் சோப்பை அழுத்தித் தேய்த்தாள்.

எனக்குப் போக டீக்கடை இல்லை. ஆனால் நான் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தேன். தீடா சாப்பிட உட்கார்ந்ததும், ஒரு வாய் வைப்பதற்கு முன்பே, ஒரு கரண்டிச் சோற்றைத் தேநீர்த் தட்டு ஒன்றில் எடுத்து வைப்பாள். முட்டையில் ஒரு துண்டைப் பிட்டு அதன்மேல் வைத்து, சமையலறைச் சன்னல் திட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள். பர்மியப் பள்ளியில் படித்தாலும் பர்மியர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. அம்மா அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பது மட்டும் தெரியும். இவள் தினமும் வைக்கிறாள் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். காக்கை தின்னுகிற முட்டையை நான் தின்றால் என்ன? அவள் கை கழுவப் பின்பக்கம் போனதும் ஒரே வாயில் காலி செய்தேன்.

காலித் தட்டைப் பார்த்ததும் தீடாவின் முகம் மலர்ந்தது. வந்ததிலிருந்து வாய் திறக்காதவள், என்னிடம் வந்து பர்மிய மொழியில், “யாராவது வந்தாங்களா?” என்று கேட்டாள்.

“யாரும் வரலையே. நான் இங்கேதான் இருக்கேன்” என்றேன்.

அவள் சிரித்தாள். மறுநாள் கால் முட்டை வைத்தாள். அதற்கும் மறுநாள் பாதி முட்டை. இப்படியும் ஒரு மக்கு உண்டா என்று எனக்கு ஒரே கும்மாளம். அவள் இப்போது தனக்குத்தானே பாடவும் தொடங்கியிருந்தாள். அம்மா அதைக் கேட்டு, “புள்ள தேறிட்டா” என்று அவள் தலையைக் கோதியபோது மட்டும் மறுபடியும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மாவ்பியிலிருந்து உயிரோடு ஒரு கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆராய்ச்சியைப் பற்றி யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சித்தப்பா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “இதுவரைக்கும் வெளங்குனதே போதும்” என்றார். அன்று எனக்கு ஒரு கால், தீடாவுக்கு ஒரு கால். அவள் அந்தக் காலை அப்படியே எடுத்துத் தேநீர்த் தட்டில் வைத்தாள். நான் வயிறு முட்டத் தின்றிருந்தேன். சன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் தீடா தட்டைக் கையில் ஏந்தியபடி சமையலறையில் நின்றாள். கோழிக்கால் வைத்தபடி இருந்தது. எறும்பு மொய்த்திருந்தது.

“அமே சாப்பிடல” என்றாள். அமே என்றால் பர்மிய மொழியில் அம்மா.

அம்மா பதறிப்போய் அவளைப் பக்கத்தில் இழுத்து விசாரித்தாள். அவர்கள் வீட்டில் முதல் கரண்டிச் சோறு எப்போதும் அமேவுக்குத்தானாம். பெரியவர்கள் வெளியே போயிருந்தாலும் அவர்கள் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டுமாம். “இத்தனை நாளும் அமே வந்து சாப்பிட்டாங்க. கோழின்னா அமேக்கு ரொம்பப் பிடிக்கும். அதுக்கே வரல. இனிமே வர மாட்டாங்க” என்றாள் தீடா.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அடி விழும் என்பது ஒன்று. அம்மா அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள் என்பது இன்னொன்று. எனக்காக அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கோழிக்காலைத் தின்னாமல் வீணாக்கியவளுக்கு இத்தனை செல்லமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அம்மா எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு முட்டை உரித்து வைத்தாள். தீடா தேநீர்த் தட்டை எடுக்கவில்லை. தலை குனிந்தபடி முழு முட்டையையும் அவளே தின்று முடித்தாள். சன்னல் திட்டு காலியாக இருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு துண்டாவது வைக்கக் கூடாதா, எவ்வளவு பேராசை பிடித்தவள் என்று நினைத்தேன்.