கஸ்பாரின் சிவப்பு முனை

ராயபுரம் கஸ்பார் பற்றவைத்த மூட்டில் காற்றுப் புகுந்தது என்று இன்றுவரை ஒருத்தர் வாய் திறந்ததில்லை. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளில் முப்பது வருஷ வெல்டிங் அவருக்கு. ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: கடைசி மூட்டுக்கு, நெருப்பு எழுப்பும் டங்ஸ்டன் கம்பிகளில் சிவப்புச் சாயம் பூசிய முனையுள்ளதுதான். மற்றதெல்லாம் அவருக்கு வெறும் குச்சி.

திருவொற்றியூரில் எழில்மொழி ஷெட் போட்டபோது முதலில் கூப்பிட்டது அவரைத்தான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்து இயற்பியல் படித்த பெண். அணு ஆய்வுக்கூடங்களுக்குக் கருவி செய்யும் சிறு கம்பெனிகளுக்கு அரசாங்கம் தரும் ஆராய்ச்சி நிதியை, நாலு வருஷம் நடையாய் நடந்து வாங்கியிருந்தாள். செய்ய வேண்டியது ஓர் எஃகுப் பெட்டி. மிக மெல்லிய கதிர்வீச்சை அளக்கும் கருவி அதற்குள் உட்காரும். ஆகவே பெட்டியிலிருந்து துளிக் கதிர்வீச்சும் வரக்கூடாது. முதல் பெட்டி தேறினால்தான் அடுத்த கட்ட நிதி. தேறாவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு.

இதையெல்லாம் அவரை உட்காரவைத்து விளக்கியிருக்கலாம். அவசரத்தில் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"அண்ணா, இதுக்கு சாம்பல் கலர் முனைதான். சிவப்புல தோரியம் கீது, கதிர்வீச்சு வரும். தொடவே தொடாதீங்க."

"சரிம்மா."

கடைசி மூட்டன்று எழில் ஊரில் இல்லை. கடற்காற்று ஷெட்டையே பிடுங்கிப் போவதுபோல் அடித்தது. சாம்பல் முனையில் நெருப்பு தத்தளித்தது. கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த சிவப்பு முனையை எடுத்தார். போயும் போயும் அங்கேதானா அந்த மனுஷனுக்குப் பாசம் பொங்க வேண்டும்! மூட்டு மீன் செதில் அடுக்கியதுபோல் அத்தனை அழகாக வந்தது.

மூன்று வாரத்தில் பெட்டி சோதனைக்கூடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஓட்டையில்லை, கீறலில்லை. கதிர்வீச்சு மட்டும் இருந்தது, கடைசி மூட்டைச் சுற்றி.

"சிவப்பு போட்டீங்களாண்ணா?"

"போட்டேன்." அவருக்குப் பொய் வரவில்லை. "அறுத்துட்டு இன்னிக்கே மறுபடி வெச்சுர்றேம்மா."

"சூட்டுல தோரியம் உள்பக்கமெல்லாம் படிஞ்சிருக்கு. வேற எஃகு இல்ல. வெள்ளிக்கிழமை கெடு."

"ஆசிட்ல கழுவுனா?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"தன்னால எப்பம்மா போவும்?"

"ஆயிரம் கோடி வருஷம் ஆனாலும் பாதிகூடப் போவாதுண்ணா."

எதையும் பிரித்துச் சரிசெய்யும் கை கஸ்பாருக்கு. இப்போது எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடையில் துடைத்துக்கொண்டேயிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"சொல்லிட்டுத்தானே போனேன்! ஏண்ணா கேக்கல?" என்றாள் எழில்.

"என் ஒடம்புக்கு ஆவாதுன்னுதான் நீ சொல்றன்னு நெனைச்சேம்மா. முப்பது வருஷமா அதைத்தான் புட்ச்சுக்கினு கீறேன். ஒன் பொட்டி நல்லா வந்தா போதும், எனக்கு இன்னா ஆனா இன்னான்னு..."

திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் செய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை.