பஸ் கூரையில் நின்ற சைக்கிள்

நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர். விடுமுறையில் சைக்கிளில் ஊர் சுற்றியபோது கந்தர்வக்கோட்டை அருகே டயர் கிழிந்துவிட்டது. புதுக்கோட்டை போகும் பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றினேன். படுக்கவைத்தால் கியர் வளையுமென்று, நிற்கவைத்தே கட்டினேன்.

"மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரில்ல நிக்குது!" என்று சிரித்தார் கண்டக்டர்.

வழியில் ஓர் ஊரில் திருவிழா. சாலையின் குறுக்கே சீரியல் லைட் ஒயர் தாழ்வாகத் தொங்கியது. "நிறுத்துங்க, ஒயர்!" என்று கத்தினேன்.

"ஒங்க சைக்கிள் எங்கிட்டும் ஓடிராதுங்க," என்றார் அவர்.

ஒயர் சைக்கிளில் மாட்டி, சடசடவென்று அறுந்து கூரையில் விழுந்த பிறகுதான் பஸ் நின்றது. அதில் கரண்ட் இருந்தால் பஸ்ஸின் இரும்பு முழுவதிலும் பாயும். உள்ளே இருக்கும்வரை பயமில்லை. கம்பியைப் பிடித்தபடி தரையில் கால் வைப்பவருக்குத்தான் ஆபத்து.

"யாரும் இறங்காதீங்க!"

"எங்க ஊரு வந்திருச்சும்மா, இறங்காம?" என்று, இடுப்பில் குழந்தையோடு ஓர் அக்கா படிக் கம்பியைப் பிடித்து இறங்கினார். கூட்டத்தைத் தாண்டி என் கை எட்டவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. "பகல்ல யாரு லைட்டு போடுவா? அதான் பொழைச்சீங்க," என்றார் ஓடிவந்த லைட்காரர்.

இப்போது சைக்கிளைப் படுக்கவைத்துத்தான் கட்டுகிறேன். கியர் ஒருமுறை வளைந்தது. நிமிர்த்திக்கொண்டேன்.