மூடிய கதவும் ஆங்கிலப் பயிற்சியும்

என் மகள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டு அறைக்குள்ளேயே இருக்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. பதினைந்து வயது. நானும் கணவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் வெளியே வந்து குளிப்பாள், சாப்பிடுவாள். பள்ளி ஆலோசகர் ஒன்றைத்தான் வலியுறுத்தினார்: "ஏன்னு மட்டும் கேக்காதீங்க. சாதாரணமா ஏதாவது பேசுங்க."

சாதாரணமாக என்ன பேசுவது? பாலர் பள்ளி முதல் நாங்கள் பேசியதெல்லாம் ஸ்பெல்லிங், டியூஷன், மதிப்பெண். வேறு பேச்சே எங்களிடம் இல்லை என்பது கதவு மூடிய பிறகுதான் தெரிந்தது. அதனால் புக்கிட் பாத்தோக் புத்தகக் கடையில் ஓர் ஆங்கில அசெஸ்மென்ட் புத்தகம் வாங்கிவந்து, அவள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். பள்ளி என்றாலே நடுங்கும் பெண்ணிடம் பயிற்சிப் புத்தகத்தோடு போகிற தாய் இந்த ஊரில்தான் இருப்பாள்.

பிரித்த பக்கத்தில் பிரசென்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். முன்பே தொடங்கி, இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் வாக்கியங்கள்.

"இட் ஹேஸ் பீன் டேஷ் சின்ஸ் மார்னிங். என்ன வரும்மா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெய்னிங் லா. இதெல்லாம் பிரைமரி ஃபோர் பாடம், அம்மா."

அன்றைக்கு எனக்கு அது போதும். தினமும் வேலை முடிந்ததும் போய் உட்கார்ந்தேன். புத்தகத்து வாக்கியங்களில் ஒருவன் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டே இருந்தான். சிலர் சுவருக்குச் சாயம் பூசிக்கொண்டே இருந்தார்கள்.

"அந்தாளு இன்னுமா நிக்கிறான்? டாக்சி புக் பண்ணச் சொல்லுங்க."

கதவின் இருபுறமும் சிரித்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, தேக்கா சந்தையில் அவளுக்குப் பிடித்த இடியாப்பம் வாங்கிவந்து வாசலில் வைத்தேன். முன்பு சிரித்த துணிச்சலில் நானே ஒரு கேள்வி அமைத்தேன்.

"ஒய் ஹேவ் யூ பீன் ஹைடிங் ஃப்ரம் அஸ்?"

உள்ளே அசைவு நின்றது.

"அது புக்குல இருக்கா?"

"இருக்கு."

"எந்தப் பேஜ்?"

நான் பக்கங்களைப் புரட்டினேன்.

"போங்கம்மா. ப்ளீஸ்."

இடியாப்பம் மறுநாளும் பிரிக்கப்படாமல் கதவடியில் கிடந்தது. அதன்பின் ஒரு பதிலும் இல்லை. பொறுத்திருங்கள் என்கிறார் ஆலோசகர். எவ்வளவு காலம் என்று அவருக்கும் தெரியாது.

நான் இன்னும் போய் உட்காருகிறேன். இப்போது பதிலையும் நானே சொல்கிறேன், வேண்டுமென்றே தப்பாக. "தே ஹேவ் பீன் பெயின்ட் தி வால்." யாராவது தப்பாகச் சொன்னால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொறுக்காது, உடனே திருத்திவிடுவாள். சற்றுக் காத்திருக்கிறேன். பிறகு அடுத்த கேள்விக்கும் தப்பாகப் பதில் சொல்கிறேன்.