மூழ்க வைத்த படகு

பாகூர் ஏரிக்கரையில் என் பாய்மரப் படகு வெயிலில் காய்கிறது. முந்தாநாள் நான்தான் அதைக் கரையோரத் தண்ணீரில் மூழ்க வைத்துவிட்டுப் போனேன். பழைய மரப்படகு. பலகைகள் ஊறி உப்பினால்தான் இடுக்குகள் அடைபடும். இன்று மதியக் காற்றில் ஓட்டுவதாகத் திட்டம். எனக்கு விடுப்பு நாளையோடு முடிகிறது.

கரும்பு வயலிலிருந்து மண்வெட்டியோடு ஒருவர் வருகிறார். நான் நன்றி சொல்வேன் என்று அவர் முகம் காத்திருக்கிறது.

"முழுகிக் கெடந்துச்சும்மா. நேத்து நாலு பேரா சேந்து இழுத்துப் போட்டோம். பொட்டுத் தண்ணி இல்லாம தொடச்சாச்சு."

"அண்ணே, நான்தான் முழுக வச்சேன்."

மண்வெட்டியைக் கீழே வைக்கிறார். "இன்னாத்துக்கு?"

"ஊறலன்னா ஒழுகும்."

"ஒழுகாத படகா பாத்து வாங்கறதுக்கு இன்னா?"

மரப்படகின் நன்மைகள் என்று என் நோட்டில் ஒரு பட்டியலே இருக்கிறது. ஒன்று, அழகு. இரண்டாவதை இன்னும் எழுதவில்லை.

அவர் படகின் வளைவைக் கையால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார். "நல்லாத்தான் கீது" என்கிறார். பிறகு வயல் பக்கம் திரும்பிக் கத்துகிறார்:

"டேய், எல்லாரும் ஓடியாங்கடா! படக முழுகடிக்கணும்!"