பேர் தெரியாதவளுக்கு ஒரு புடவை

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் என் அப்பா மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை, மண்டபத்தைப் பற்றியும் கேட்கவில்லை. "மூத்தவ பேரு என்னான்னு இந்தத் தடவையாச்சும் கண்டுபிடிச்சுக் குடும்மா" என்றார்.

எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்போம். குடும்பத்தில் தாலியோடு செத்துப்போன பெண்களுக்குப் புதுப் புடவையும் பூவும் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, உத்தரவு கேட்பது. அப்பாவின் தாத்தா தென்னாற்காட்டிலிருந்து கடல் தாண்டி இங்கே தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது கூடவே வந்த வழக்கம். எப்போதும் இரண்டு புடவை வைப்போம். ஒன்று அப்பாவின் பாட்டிக்கு. இன்னொன்று மூத்தவளுக்கு. பாட்டிக்கு முன்னால் தாத்தா கட்டியவளாம், செத்துப்போனாளாம். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. முதல் புடவை வைக்கும்போது பேர் சொல்வார்கள். இரண்டாவதற்குத் தொண்டையைக் கனைப்பார்கள்.

"எனக்கப்புறம் நீங்கள்லாம் ஒரு புடவையோட நிறுத்திடுவீங்க. ஒரு தடவை பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டா எனக்குப் போதும்" என்றார் அப்பா. நெஞ்சுவலி வந்து பிழைத்தவர். அவர் சொன்னதும் உண்மைதான், நான் நிறுத்தியிருப்பேன்.

மலைமேல் கியா பார்ம் சந்தையில் காய்கறிக் கடை போட்டிருப்பவள் நான். ஆபீஸ் ஏறி இறங்கிப் பழக்கமில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணித் தம்பி, "அந்தக் காலத்துப் பேப்பரெல்லாம் இங்க இல்ல லா அக்கா, கோலாலம்பூர்ல பழைய ரெக்கார்டு வைக்கிற ஆபீசுல போயி கேட்டுப் பாருங்க" என்றான். கடையை மூடிவிட்டுப் போனேன். அங்கிருந்த மலாய்ப் பெண் பொறுமையாகத் தேடி, தாத்தா கப்பலில் வந்து இறங்கிய பதிவைக் காட்டினாள். ஊர், வயது, திருமணமானவர். கும்பிடாத குறையாக அவளுக்கு நன்றி சொன்னேன். தாப்பாவிலிருந்து பஸ் மலையேறும்போதுதான் அடுத்த வரி மண்டையில் உறைத்தது. தனியாக வந்தார்.

அப்படியென்றால் மூத்தவள் ஊரில் இருந்திருக்கிறாள். தாத்தா இங்கே தோட்டத்துக் கோயிலில் இன்னொருத்தி கழுத்தில் தாலி கட்டும்போது அவள் உயிரோடு இருந்தாளா? ஊரில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து விசாரிக்கச் சொன்னேன். நாலு நாள் அலைந்துவிட்டுப் போன் பண்ணினார். "சாவையெல்லாம் அப்ப யாரு எழுதி வச்சாங்க? புருஷன் கப்பலேறிப் போயி, வெள்ளை முடியில பூ வச்சிக்கிட்டு ஒரு கெழவி இருந்துச்சின்னு ஒரு பெரியவரு சொல்றாரு. ஆனா அந்தத் தெருவுல பாதிப் பேரு வூட்டுல அந்தக் கததான்."

அவளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவதென்றே தெரியவில்லை. செத்துப்போன தாத்தாவைத்தான் திட்டினேன். பேர் எங்கே என்று அப்பா தினமும் நச்சரித்ததில், படையலுக்கு முதல் நாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் எங்கள் ரிங்லெட்டில் விடாத தூறல். உறவுகள் எல்லாம் வந்து ஹாலில் கூடிவிட்டார்கள். அப்பா முதல் புடவையை வைத்து அவருடைய பாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாவதை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"கீழ வைங்கண்ணே, நேரமாவுது லா" என்றாள் அவர் தங்கை, என் அத்தை. "எப்ப செத்திருந்தா என்னா, இப்ப அவ சாமிதானே?"

"தாலியோட செத்தவளுக்குத்தானே இந்தப் புடவ? தாத்தாவுக்கு முன்னாடியே அவ போயிருந்தா வைக்கலாம். இருந்திருந்தா?" அப்பா என்னைத்தான் பார்த்தார். கோலாலம்பூர் வரை போய் வந்தவள் நான்தானே. என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். புடவை மடியிலேயே இருந்தது.

"தாத்தா செத்தப்ப எனக்கு வெவரம் தெரியிற வயசு. தூக்குற வரைக்கும் கூடவே நின்னேன். ஊருக்கு யாரும் தகவல் அனுப்பலம்மா. தாலியக் கழட்டச் சொல்லி அவகிட்ட யாரு போயிச் சொன்னா?" என்றார்.